அரிசி டின்னுக்குப் பின்னால் ஓர் இங்கிலீஷ் புத்தகம்

நவம்பர் 12, செவ்வாய்

இந்த டைரி என் வீட்டுக்காரருடைய பட்டறைக்குப் பெயிண்ட் விற்கிற கம்பெனி கொடுத்தது. வருடமே முடியப் போகிறது, ஒரு பக்கம்கூட யாரும் தொடவில்லை. ஒரு பொருள் வீணாகப் போவதைப் பார்த்துக்கொண்டிருக்க என்னால் முடியாது. அதனால் எழுதுகிறேன். வேறு காரணம் இல்லை.

இன்று மிதுனாவின் பள்ளிக்கூடத்தில் கூப்பிட்டிருந்தார்கள். அவர் பஸ் பாடி கட்டும் பட்டறையை விட்டு நகர முடியாது என்றதால் நான் போனேன். மூன்றாம் வகுப்பு ஜாஸ்மின் மிஸ் நல்ல மாதிரிதான். ஆனால் சொன்னது நல்ல செய்தி இல்லை.

“மிதுனா மேத்ஸ்ல பரவால்லைங்க. இங்கிலீஷ்ல வாயே தொறக்க மாட்டேங்கறா. பிப்ரவரில ஓப்பன் டே. பேரன்ட்ஸ் முன்னாடி ஒவ்வொரு குழந்தையும் வேர்ட் மீனிங் சொல்லணும். பாதிக்கு மேலயாவது சொல்லலைன்னா அடுத்த வருஷம் வேற ஸ்கூல் பாத்துக்கச் சொல்லி பிரின்சிபல் மேடம் சொல்லிட்டாங்க.” பிறகு என்னைப் பார்த்துக் கேட்டார்: “நீங்க மிதுனாவுக்கு...?”

பக்கத்தில் பையைக் கட்டிக்கொண்டு நின்ற மிதுனா தலையைக் குனிந்துகொண்டாள். “அவங்க வீட்டுல இருந்து வர்றேன்” என்று சொல்லிவிட்டேன். அது பொய் இல்லையே. ஆவணியில் கழுத்தில் தாலி ஏறியது. இரண்டு வருடத்துக்கு முன்னால் காய்ச்சலில் போய்விட்ட பிருந்தா அக்காதான் இவளுடைய அம்மா. நான் இந்த வீட்டுக்கு வந்த இந்த மூன்று மாதமாக இவள் என்னை எந்த உறவு சொல்லியும் கூப்பிட்டதில்லை. ஏதாவது வேண்டுமென்றால் “இங்க பாருங்க” என்பாள். நானும் பார்ப்பேன்.

மாலையில் நாமக்கல்லிலிருந்து அவருடைய அக்கா சாந்தாமணி அண்ணி போன் பண்ணினார். இவர் ஸ்பீக்கரில் போட்டார்.

“தம்பி, பேசாம புள்ளைய இங்க அனுப்பி வெச்சுரு. என்ற பையன் படிச்ச எடத்துலயே ஹாஸ்டல் இருக்குது. அவிய பாத்துக்குவாங்க. கோகிலாவுக்கு எதுக்குப் பாவம் இந்தத் தொல்லை?”

அவர் தரையைப் பார்த்தார். சரி என்று சொல்லப் போகிற மனிதர் அப்படித்தான் பார்ப்பார். கதவுக்குப் பின்னால் ஒரு குட்டிக் கால் தெரிந்தது. நான் சமையலறையிலிருந்தே சத்தமாகச் சொன்னேன்: “ஓப்பன் டே முடியட்டும் அண்ணி. அதுக்கப்புறம் பேசிக்கலாம்.”

எனக்குத் தோற்கப் பிடிக்காது. அவ்வளவுதான்.

நவம்பர் 13, புதன்

இந்த வீட்டில் எல்லாப் பொருளுக்கும் பெயர் ஒட்டியிருக்கிறது. கதவில் ‘டோர்’, பீரோவில் ‘கபோர்ட்’, கண்ணாடியில் ‘மிரர்’, ஃப்ரிட்ஜில் ‘ஃப்ரிட்ஜ்’. பச்சை ஸ்கெட்ச் பேனாவில் குண்டு குண்டாக ஆங்கில எழுத்து. பிருந்தா அக்கா ஒட்டியது. மகள் எல்.கே.ஜி. படித்தபோது ஆரம்பித்திருக்கிறார். அவர் போனதோடு வார்த்தைகளும் நின்றுவிட்டன.

நான் வேடசந்தூர்ப் பக்கம் தமிழ் மீடியம் படித்தவள். பிளஸ் டூவில் ஆங்கிலத்தில் தட்டுத்தடுமாறிக் கரையேறினேன். பிறகு மில்லில் கோனில் நூல் சுற்றினேன். கோனுக்கு வார்த்தை தேவைப்படவில்லை.

மதியம் பஸ் ஸ்டாண்டு பக்கத்துக் கடைக்குப் போய் மிதுனாவின் ஆங்கிலப் புத்தகத்தில் இன்னொரு பிரதியும் ஒரு சின்ன அகராதியும் வாங்கினேன். இரண்டையும் அரிசி டின்னுக்குப் பின்னால் வைத்திருக்கிறேன். சொல்லிக்கொடுக்கப் போகிறவளுக்கே ஒன்றும் தெரியாது என்று குழந்தைக்குத் தெரிந்தால் மரியாதை என்ன ஆவது?

நவம்பர் 18, திங்கள்

அவள் எப்படிப் படிக்கிறாள் என்று மாவு ஆட்டிக்கொண்டே கவனித்தேன். மிஸ் கொடுத்த நோட்ஸை வைத்துக்கொண்டு முன்னும் பின்னும் ஆடி ஆடிச் சொல்கிறாள். ‘ஹியூஜ்’ என்றால் ‘என்னார்மஸ்’. ‘என்னார்மஸ்’ என்றால் என்ன என்று கேட்டேன்.

“ஹியூஜ்.”

“அப்ப ஹியூஜ்னா?”

“என்னார்மஸ்.”

செக்கு மாட்டைச் சுற்றவிட்ட மாதிரி இருந்தது. எனக்குச் சிரிப்பு வந்தது, அடக்கிக்கொண்டேன்.

“அப்பா கட்டுற பஸ்ஸு பாத்திருக்கியா? அது என்ன சைஸு?”

“பிக்.”

“வெறும் பிக்கா?”

யோசித்தாள். “வெரி வெரி பிக்.”

“அதான் ஹியூஜ். பஸ் இஸ் ஹியூஜ். முடிஞ்சுபோச்சு.”

அவள் ஆடுவதை நிறுத்திவிட்டு என்னை நிமிர்ந்து பார்த்தாள். அப்படி அவள் பார்த்தது இதுதான் முதல் தடவை. மாவு கொஞ்சம் தண்ணியாகிவிட்டது.

நவம்பர் 25, திங்கள்

நானாக ஒரு சட்டம் போட்டிருக்கிறேன். ஒரு வார்த்தைக்கு அர்த்தம் சொல்ல, அவளுக்கு ஏற்கனவே தெரிந்த வார்த்தைகளை மட்டும்தான் எடுக்கலாம். தெரியாததை இழுத்து வரக்கூடாது. தமிழிலும் சொல்லக்கூடாது. அந்தப் பொருள் என்ன செய்யும், அந்த ஆள் என்ன செய்வார் என்று சொன்னால் போதும்.

காலையில் இருவரும் கிளம்பிப் போனதும் பாத்திரத்தை ஊறப்போட்டுவிட்டு உட்கார்கிறேன். அன்றைக்கு அவளுக்கு வரப்போகிற வார்த்தைகளை அகராதியில் தேடுகிறேன். அகராதிக்காரர்கள் குழந்தையை மனதில் வைத்து எழுதுவதே இல்லை. ‘தாகம்’ என்ற ஒரு சின்ன விஷயத்துக்கு மூன்று பெரிய வார்த்தைகளை அனுப்புகிறார்கள். அதை உடைத்து உடைத்துச் சின்னதாக்குவதற்குள் பதினொரு மணியாகிவிடுகிறது. சாயங்காலம் எல்லாம் முன்பே தெரிந்தவள் போல முகத்தை வைத்துக்கொள்கிறேன்.

இன்று அவளே ஒன்று சொன்னாள். ‘தர்ஸ்டி’: மை மவுத் வான்ட்ஸ் வாட்டர்.

நான் தயார் பண்ணி வைத்திருந்ததைச் சொல்லாமல் விட்டுவிட்டேன். என்னுடையதைவிட அவளுடையது நன்றாக இருந்தது.

நவம்பர் 29, வெள்ளி

‘நெய்பர்’: எங்கள் வீட்டு மிக்ஸி சத்தம் கேட்கிறவர். அவள் இங்கிலீஷில் சொன்னதைத் தமிழில் எழுதுகிறேன். பக்கத்து வீட்டுக்காரருக்குத் தெரிந்தால் சண்டைக்கு வருவார்.

‘ப்ராமிஸ்’: இப்போது சொல்வது, பிறகு செய்வது. இது நான்.

‘க்ரூயல்’ என்பதற்கு நான் திணறிக்கொண்டிருந்தேன். அவள் சொன்னாள்: “அடிச்சுட்டுச் சிரிக்கிறது. ஹிட் அண்ட் லாஃப்.” எங்கே பார்த்தாய் என்று கேட்டேன். ஸ்கூல் வேனில் வருகிற ஒரு அண்ணா பூனைக்குட்டியை அப்படிச் செய்தானாம்.

டிசம்பர் 6, வெள்ளி

எல்லாம் போச்சு.

வகுப்பில் ஸ்லிப் டெஸ்ட். ஒன்றுகூடச் சரியில்லை. பேப்பர் முழுக்கச் சிவப்புப் பெருக்கல் குறி. ஒவ்வொன்றாகப் பார்த்தேன். ‘தர்ஸ்டி’: மை மவுத் வான்ட்ஸ் வாட்டர். தப்பு. ‘ஹியூஜ்’: வெரி வெரி பிக் லைக் அப்பாஸ் பஸ். தப்பு. மிஸ் கொடுத்த நோட்ஸில் இருப்பதை அட்சரம் பிசகாமல் எழுதினால்தான் மார்க்காம். முன்பாவது அர்த்தம் தெரியாமல் நாலைந்து வாங்கிக்கொண்டிருந்தாள். என் உபயத்தால் இப்போது அதுவும் இல்லை.

அவர் பேப்பரை வாங்கிப் பார்த்தார். “எதுக்கு கோகிலா உனக்கு இந்தப் பாடு? அக்கா சொல்றதும் ஒரு வகைல நல்லதுதான்னு தோணுது” என்றார். கோபமாகச் சொல்லவில்லை. கோபமாகச் சொல்லியிருந்தால் திருப்பிச் சொல்லியிருப்பேன்.

மிதுனா அழவில்லை. பேப்பரை நாலாக மடித்து டிபன் பாக்ஸ் பைக்குள் வைத்தாள். நான்தான் பாத்ரூம் குழாயைத் திறந்துவிட்டு அழுதேன்.

டிசம்பர் 9, திங்கள்

பள்ளிக்கூடத்துக்குப் போனேன். “அர்த்தம் சரியாத்தானே மிஸ் எழுதியிருக்கா?” என்று கேட்டேன்.

ஜாஸ்மின் மிஸ் பேப்பரைப் பார்த்துச் சிரித்துவிட்டார். “நல்லாத்தாங்க இருக்கு. ஆனா நாப்பது குழந்தைக்கு நாப்பது மீனிங் எழுதுனா நான் எப்படிங்க திருத்தறது? ஓப்பன் டேல மேடம் கைல நோட்ஸ வெச்சுட்டு உக்காந்திருப்பாங்க. அதுல இருக்கறதச் சொன்னாத்தான் டிக்.”

அவரையும் குற்றம் சொல்ல முடியாது. நாற்பது பேருக்கு ஒரே ஆள் சோறு பரிமாறினால் ருசி கேட்டுக் கேட்டுப் பரிமாற முடியுமா?

பஸ்ஸில் வரும்போது முடிவு பண்ணிவிட்டேன். ஒவ்வொரு வார்த்தைக்கும் இனி இரண்டு அர்த்தம். வீட்டு அர்த்தம், ஸ்கூல் அர்த்தம். முதலில் வீட்டு அர்த்தத்தில் வார்த்தையைப் புரிந்துகொள்ள வேண்டும். பிறகு ஸ்கூல் அர்த்தத்தை யூனிஃபார்ம் மாதிரி மேலே மாட்டிக்கொள்ள வேண்டும். மிதுனாவிடம் சொன்னேன். “வீட்டுக்கு வந்ததும் கழட்டிரலாமா?” என்று கேட்டாள். கழற்றிவிடலாம் என்றேன்.

டிசம்பர் 20, வெள்ளி

அரையாண்டுத் தேர்வு. ஆங்கிலத்தில் பாஸ். எல்லையில்தான், ஆனாலும் பாஸ். கேசரி கிளறினேன். ரவை மிச்சம் இருந்தது, அதனால்தான்.

ஜனவரி 11, சனி

பொங்கலுக்கு வெள்ளையடிக்க ஆள் வந்தார். அந்த ஆள் சுவரைச் சுரண்ட ஆரம்பிக்கும்போதுதான் ஞாபகம் வந்தது. சுவிட்சுக்கு மேலே ‘ஸ்விட்ச்’, காலண்டருக்குக் கீழே ‘வால்’. மிதுனா சுவரோடு முதுகை ஒட்டிக்கொண்டு நின்றாள்.

“கண்ணு, நகரு. அங்கிள் வேலை பாக்கோணும்ல” என்றார் அவளுடைய அப்பா.

“அந்தச் சீட்டை எல்லாம் விட்டுட்டுச் சுத்தி அடிங்க” என்று நான் பெயிண்டரிடம் சொன்னேன்.

“அதெப்படிங்க? திட்டுத் திட்டா அசிங்கமாத் தெரியுமுங்க.”

“தெரியட்டும். என் வீட்டுச் சுவருதானே.”

வீட்டுக்காரர் என்னைப் பார்த்தார். சீட்டுக்கு அடியில் பெயிண்ட் மிச்சமாகிறது, நல்லதுதானே என்றேன். என்ன பெரிய மிச்சம், ஒரு டம்ளர் இருக்கும். சுற்றிலும் வெள்ளையும் நடுவில் பழுப்புமாக வீடு இப்போது அம்மை போட்டுத் தேறிய மாதிரி இருக்கிறது. பிருந்தா அக்காவின் படத்தைத் துடைத்து மாட்டினேன். சாமந்தி மாலை போட்டேன்.

சாயங்காலம் மிதுனா ‘இங்க பாருங்க’ என்று கூப்பிட்டு ஒரு கரும்புத் துண்டைக் கொடுத்தாள். கடித்துத் தோல் உரித்தது. அவளே உரித்திருக்கிறாள், எச்சில் பட்டிருந்தது. தின்றேன்.

ஜனவரி 22, புதன்

ஓப்பன் டேக்கு லெசன் ஏழு. மிஸ் நோட்ஸ் கொடுத்திருக்கிறார். காலையில் அவள் போனதும் பாடத்தைப் படித்தேன். ஒரு பெண்ணைச் சித்தி வெயிலில் கிணற்றுக்குத் தண்ணீர் கொண்டுவர அனுப்புகிறாள், சோறு போடுவதில்லை. கடைசியில் கிணறே பேசி அந்தப் பெண்ணைக் காப்பாற்றுகிறது. என்ன கதையோ.

வார்த்தைகள்: வெல், பிட்சர், ஹங்க்ரி, பிட்டி, ரோப், இன்னும் சில. கடைசி வார்த்தை ‘ஸ்டெப்மதர்’. நோட்ஸில் அர்த்தம்: எ க்ரூயல் வுமன்.

அகராதியில் வேறு மாதிரி இருந்தது. சாதாரணமாகத்தான் இருந்தது. ஆனால் ஓப்பன் டேயில் மேடம் கையில் இருக்கப்போவது அகராதி இல்லை.

வலித்தது. அதை எழுதிவிடுகிறேன், இல்லையென்றால் நாளெல்லாம் உள்ளேயே கிடக்கும். வலித்தது. பிறகு எழுந்து பாத்திரம் தேய்த்தேன்.

ஜனவரி 23, வியாழன்

நோட்ஸைப் பார்த்து அவர் கொதித்துவிட்டார். நாளைக்கே போய்க் கேட்கிறேன் என்று சட்டையைத் தேடினார்.

“மார்க் வாங்குற வரைக்கும் யாரும் போக வேண்டாம்” என்றேன். “போய்ச் சண்டை போட்டா மேடம் முறைச்சுக்குவாங்க. புள்ளைய அனுப்பறதுக்கு அவங்களுக்கும் ஒரு சாக்கு கிடைக்கும். அண்ணி ஹாஸ்டல் ஃபாரம் வாங்கி ரெடியா வெச்சிருக்காங்க. நமக்கு வேண்டியது டிக்கு.”

“உனக்கு ஒண்ணும் இல்லியா கோகிலா?”

“எனக்கு என்ன? வெறும் வார்த்தைதானே.”

பிப்ரவரி 4, செவ்வாய்

லெசன் ஏழு எல்லாம் வந்துவிட்டது. ‘பிட்டி’ என்பதற்கு வீட்டு அர்த்தம் அழகாகச் சொன்னாள்: பார்த்ததும் நம் கண்ணுக்கும் வலிப்பது. ஸ்கூல் அர்த்தமும் தடங்கல் இல்லாமல் வருகிறது. கடைசி வார்த்தை மட்டும் வரவில்லை.

“ஸ்டெப்மதர்?”

நோட்டின் ஓரத்தை மடித்தாள்.

“எ க்ரூயல் வுமன். சொல்லு.”

மறந்துவிட்டதாம். நாளைக்குப் பார்க்கலாம்.

பிப்ரவரி 7, வெள்ளி

மறுபடியும் அதே வார்த்தைதான் மறக்கிறது. எத்தனை பெரிய வார்த்தையெல்லாம் நிற்கிறது, இரண்டே வார்த்தை நிற்க மாட்டேன் என்கிறது. வெண்டைக்காய் பொரித்துக் கொடுத்துப் பார்த்தேன்.

பிப்ரவரி 11, செவ்வாய்

இன்று கொஞ்சம் அதட்டிவிட்டேன். எதிரே உட்காரவைத்து, என் வாயைப் பார் என்று சொல்லி, நானே திரும்பத் திரும்பச் சொன்னேன்: “ஸ்டெப்மதர் மீன்ஸ் எ க்ரூயல் வுமன். ஸ்டெப்மதர் மீன்ஸ் எ க்ரூயல் வுமன்.” அவள் இரண்டு கையாலும் காதைப் பொத்திக்கொண்டாள்.

“இதுக்கு வீட்டு அர்த்தம் சொல்லவே இல்லியே நீங்க” என்றாள்.

“இதுக்கு வீட்டு அர்த்தம் வேண்டாம். ஸ்கூல் அர்த்தம் மட்டும் போதும்.”

“எல்லா வார்த்தைக்கும் ரெண்டு உண்டுன்னு சொன்னீங்க.”

“மிது, மார்க் போனா நாமக்கல் போகணும். தெரியும்ல? அடம் பிடிக்காம சொல்லு.”

அவள் எழுந்து போய்விட்டாள். பாடத்தில் கடைசியாக இருப்பதால் களைப்பில் மறக்கிறாள் என்று நினைக்கிறேன். நாளைக்கு இதை முதலில் கேட்க வேண்டும்.

பிப்ரவரி 14, வெள்ளி

முதலில் கேட்டும் வரவில்லை. ஒன்று போனால் போகட்டும், மற்றதைச் சொன்னால் பாதியைத் தாண்டிவிடலாம். யூனிஃபார்முக்கு இஸ்திரி போட்டாயிற்று. ரிப்பன் எடுத்து வைத்தாயிற்று. அண்ணி நேராகப் பள்ளிக்கூடத்துக்கே வருகிறாராம்.

பிப்ரவரி 15, சனி

இன்றைக்கு நடந்ததை வரிசையாக எழுதிவிட வேண்டும்.

ஹாலில் எல்லா அப்பா அம்மாக்களும் நெருக்கியடித்து உட்கார்ந்திருந்தோம். எனக்கு ஒரு பக்கம் அவர், மறுபக்கம் அண்ணி. மேடம் நோட்ஸோடு முன்னால் இருந்தார். ஜாஸ்மின் மிஸ் ஒவ்வொரு குழந்தையாகக் கூப்பிட்டு வார்த்தைகளைக் கேட்டார். குழந்தைகள் ஆடி ஆடி ஒப்பித்தார்கள். கைதட்டல்.

மிதுனா வந்து நின்றாள். ஆடவில்லை. ‘வெல்’ சொன்னாள். ‘பிட்சர்’ சொன்னாள். குரல் சின்னதாக வந்தாலும் வந்தது. யூனிஃபார்ம் அர்த்தங்கள் ஒன்றுகூடப் பிசகவில்லை. மேடம் டிக் போட்டுக்கொண்டே வந்தார். நான் சேலை முந்தானையைச் சுருட்டிச் சுருட்டிப் பிரித்துக்கொண்டிருந்தேன். “பரவால்லையே!” என்றார் அண்ணி.

பாதியைத் தாண்டிவிட்டாள். எனக்கு மூச்சு வந்தது. அப்போது மிஸ் கேட்டார்: “ஸ்டெப்மதர்?”

ஹாலில் எங்கள் வீட்டு விஷயம் தெரிந்தவர்கள் நாலு பேராவது இருந்தார்கள். யாரோ திரும்பிப் பார்த்தார்கள். சொல்லித் தொலை கண்ணு என்று உள்ளுக்குள் கெஞ்சினேன். என் உதடு தானாக அசைந்து ‘க்ரூயல்’ என்று காட்டியது. அவள் என் உதட்டைப் பார்த்தாள். இல்லை என்று தலையாட்டினாள்.

“தெரியலியா மிதுனா? நெக்ஸ்ட் போலாமா?”

“தெரியும் மிஸ்.” பிறகு நிதானமாக, ஒவ்வொரு வார்த்தையாக எடுத்து வைத்தாள். “ஸ்டெப்மதர். வென் ஐ கோ டு ஸ்கூல், ஷீ ரீட்ஸ் மை புக். தென் ஷீ ஹைட்ஸ் இட். தென் ஐ கம் ஹோம், அண்ட் ஷீ டீச்சஸ் மீ.”

அப்புறம், மேடத்துக்குப் புரியாமல் போய்விடுமோ என்று நினைத்தாளோ என்னவோ, தமிழிலும் சொன்னாள். “அரிசி டின்னுக்குப் பின்னாடி ஒளிச்சு வெப்பாங்க.”

மேடம் நோட்ஸைப் பார்த்தார். அவளைப் பார்த்தார். பேனா மேலேயே நின்றது. டிக்கும் போடவில்லை, பெருக்கல் குறியும் போடவில்லை. “சிட் டவுன்” என்று மெதுவாகச் சொன்னார். ஜாஸ்மின் மிஸ் வேறு பக்கம் திரும்பிக் கண்ணாடியைத் துடைத்தார்.

எனக்குத் தாங்கவில்லை. அத்தனை பேர் நடுவில் அழுதேன், குழாய் எதுவும் இல்லாமல்.

வெளியே வந்ததும் அண்ணி கைப்பையிலிருந்து ஹாஸ்டல் ஃபாரத்தை எடுத்தார். அதில் பாதியைக் கிழித்து, காக்கா எச்சம் பட்டிருந்த வண்டி சீட்டைத் துடைத்தார். “உக்காரு கோகிலா, சேலையில படாம” என்றார். அதற்கு மேல் அதைப் பற்றி ஒன்றும் பேசவில்லை.

வீட்டுக்கு வந்ததும் கேட்டேன்: “எப்பருந்து தெரியும்?”

“மொதல்லருந்து” என்றாள். “அரிசி எடுக்கறப்ப பாத்தேன்.”

“ஏன் சொல்லலை?”

“நீங்க ஒளிச்சு வெச்சிருந்தீங்கல்ல.”

பிப்ரவரி 16, ஞாயிறு

அந்த ஒரு மார்க் என்னவாயிற்று என்று நான் கேட்கவில்லை. கேட்கவும் மாட்டேன்.

காலையில் இட்லிக்கு அரிசி எடுக்கப் போனால் டின்னுக்குப் பின்னால் புத்தகம் இல்லை. சாப்பாட்டு மேஜை மேல் விரித்து வைத்திருந்தது, அகராதியும் பக்கத்தில். டின்னின் மூடியில் ஒரு புதுச் சீட்டு ஒட்டியிருந்தது. பச்சை ஸ்கெட்ச். ‘ரைஸ்’ என்று எழுதியிருந்தாள். இந்த வீட்டில் இரண்டு வருடத்துக்குப் பிறகு ஒரு புது வார்த்தை.

மிதுனா பல் தேய்த்துக்கொண்டே வந்து வாய் நிறைய நுரையோடு சொன்னாள்: “இங்க பாருங்க. நாளைக்கு லெசன் எட்டு. இன்னைக்கே படிச்சு வெச்சிருங்க.”

விடியற்காலையிலேயே படித்துவிட்டேன். அதை அவளிடம் சொல்லவில்லை.